காவலுக்கு நாய் கேட்ட தங்கைக்கு

கேள்வி: டாக்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம். சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, எங்கள் திராட்சைத் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்குப் போக பத்து நிமிடம் நடக்க வேண்டும். என் வீட்டுக்காரர் கம்பம் மெட்டுக்கு மேலே, கேரளா பக்கம் ஏலத்தோட்டம் பார்க்கிறார். திங்கள்கிழமை மலைக்கு ஜீப் ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். வீட்டில் நான், 72 வயது அத்தை, 11 வயது மகள், 6 வயது மகன். போன மாதம் கிணற்று மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வாரமே நடுராத்திரியில் யாரோ பின்கதவைப் பிடித்து ஆட்டினார்கள். அன்றிலிருந்து தலைமாட்டில் அரிவாளை வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன், தூக்கம் இல்லை. அவருடைய நண்பர் எர்ணாகுளத்தில் ஒன்றரை வயது ராட்வைலர் இருக்கிறது, வளர்த்தவர்கள் வெளிநாடு போகிறார்கள், 15,000 ரூபாய்க்குத் தருகிறார்கள் என்கிறார். என் அண்ணன் கோம்பைக் குட்டி வாங்கு என்கிறான். அத்தையோ தெரு நாய்க்கு ரெண்டு வேளை சோறு போட்டால் போதாதா என்கிறார். மலையில் ஏலக்காய் ஸ்டோருக்கும் ஒரு நாய் வேண்டும் என்று அவர் சொல்கிறார். எதை வாங்குவது? பிள்ளைகளைக் கடித்துவிடாதா? லைசென்ஸ் ஏதாவது எடுக்க வேண்டுமா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அரிவாளோடு படுக்கிறீர்கள் என்ற வரியில் மனசு நின்றுவிட்டது. அதனால் முதலில் நேரடியாகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். அந்த ராட்வைலரை வாங்காதீர்கள். ஒரு கோம்பைப் பெட்டைக் குட்டியோ, நல்ல தாய்க்குப் பிறந்த நாட்டுக்குட்டியோ எடுங்கள். மலைக்கு இப்போதைக்கு நாய் வேண்டாம். குட்டி வளர்ந்து காவலுக்கு ஆக ஒரு வருடம் பிடிக்கும். அதனால் இந்த வாரமே மூன்று வேலை செய்யுங்கள். பின்கதவுக்கு உள்பக்கம் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை போடுங்கள். கிணற்றடியிலும் பின்வாசலிலும் ஆள் நடமாடினால் தானே எரிகிற விளக்கு மாட்டுங்கள். நீங்கள் தனியாக இருக்கும் நாட்களை உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, ராத்திரி ரோந்தில் உங்கள் பக்கம் ஒரு தடவை வந்து போகச் சொல்லுங்கள். மோட்டார் வயர் திருட்டுக்கும் புகார் கொடுத்துவிடுங்கள். சின்னத் திருட்டு என்று விட்டால் அவன் திரும்ப வருவான்.

31 வருடம் அரசு கால்நடை மருத்துவராக இருந்தேன். அதில் பெரும்பகுதி இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில்தான். உத்தமபாளையத்திலும் போடியிலும் பார்த்ததைவிட, தோட்டத்து வீடுகளில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்த நாய்கள் அதிகம். நாய் வைத்திருந்தும் திருட்டு போன வீடுகள் எனக்குத் தெரியும். நாயாலேயே திருடன் திரும்பி ஓடிய வீடுகளும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் நாயின் சாதியில் இல்லை, அதை எங்கே எப்படி வைத்திருந்தார்கள் என்பதில்தான் இருந்தது.

குரைக்கிற நாய் வேட்டைக்கு ஆகாது என்பார்கள். உங்களுக்கு வேண்டியது வேட்டை நாய் இல்லையே. குரைக்கிற நாய்தான் வேண்டும். தோட்டத்து வீட்டுக்கு வருகிற திருடன் பயப்படுவது சத்தத்துக்கு. வீட்டுக்குள்ளே ஆள் முழித்துவிட்டார்கள், விளக்கு போட்டுவிட்டார்கள், போன் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் பெரும்பாலும் நிற்க மாட்டான். நாய் உங்களுக்குக் கொடுப்பது நாலைந்து நிமிடம். அந்த நேரத்தில் பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்து, கதவைத் தாழ் போட்டு, 112-க்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் போன் பண்ணுவது உங்கள் வேலை. நாய் குரைத்தால் கதவைத் திறந்து யாரென்று பார்க்கப் போகாதீர்கள். அரிவாளோடும் போகாதீர்கள். ஜன்னல் வழியாக விளக்கைப் போடுங்கள், சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள், அது போதும். கடிக்கிற நாய் வேண்டும் என்று நினைத்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆளைப் பிடித்து, சொன்னவுடன் விடுகிற நாய் என்பது போலீஸிலும் ராணுவத்திலும் மாதக்கணக்கில் பழக்கி, ஒரே கையாளோடு வாழ்கிற நாய். வீட்டில் சும்மா கட்டிப் போட்ட நாய்க்கு அந்த 'விடு' என்கிற பாடம் வராது. பிடிக்க மட்டும்தான் தெரியும்.

ராட்வைலர் கெட்ட நாய் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மாடு மேய்க்கவும், இறைச்சி வண்டி இழுக்கவும் ஜெர்மனியில் வளர்த்த நாய் அது. புத்திசாலி, எஜமான் மேல் உயிரையே வைக்கும். ஆனால் கடுவன் 50 கிலோவுக்கு மேல் போகும். உங்கள் வீட்டில் அதைப் பிடித்து நிறுத்தக்கூடியவர் ஒரே ஒருவர், அவரும் வாரத்தில் ஐந்து நாள் மலையில் இருக்கிறார். ஒன்றரை வயதில் அது பாதி வளர்ந்த குணத்தோடு வரும். எர்ணாகுளத்தில் அதைக் கட்டிப்போட்டு வளர்த்தார்களா, பிள்ளைகளோடு வளர்ந்ததா, ஏற்கனவே யாரையாவது கடித்ததா, வெளிநாடு போவதுதான் விற்பதற்கு உண்மையான காரணமா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. அடர்ந்த கறுப்பு ரோமத்தோடு நம் பள்ளத்தாக்கின் சித்திரை வெயிலை அது தாங்கவும் வேண்டும்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தோட்டத்து வீட்டில் பார்த்ததை மறக்க முடியவில்லை. இதே மாதிரி வெளியூரிலிருந்து வாங்கி வந்த பெரிய நாய். வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி நிழலில், ஒன்றரை முழச் சங்கிலி. நாய் சுற்றிச் சுற்றி நடந்ததில் மண் வட்டமாகத் தேய்ந்து பள்ளமாகிக் கிடந்தது. பெல்ட்டுக்கு அடியில் கழுத்து ரோமம் போய்ப் புண். வீட்டு ஐயாவைத் தவிர யாரும் கிட்டே போவதில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு வாரம் அவருடைய பேத்தி தட்டில் சோறு கொண்டுபோய் வைத்திருக்கிறாள். மூன்றாவது நாள் தட்டை எடுக்கக் குனிந்தவளின் முன்கையைப் பிடித்துவிட்டது. என்னைக் கூப்பிட்டது நாயை ஊசி போட்டுக் கொன்றுவிடச் சொல்லி. நான் போனபோது அது வாலை ஒடுக்கிக்கொண்டு அந்த வட்டத்துக்குள்ளேயே நடுங்கியபடி நின்றது. அந்தப் பிள்ளை கையில் 14 தையல். எந்த வீட்டைக் காக்க வாங்கினார்களோ அந்த வீட்டையே அதற்குத் தெரியாமல் வளர்த்திருந்தார்கள். நாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2024 மே மாதம் சென்னையில் ஒரு பூங்காவில் 5 வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறிய செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச்சில், ராட்வைலர், பிட்புல் உட்பட 23 இன நாய்களுக்கு லைசென்ஸ் கொடுக்க வேண்டாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்டது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. டெல்லி உயர் நீதிமன்றத்திலும் அது நிற்கவில்லை. சென்னை சம்பவத்துக்குப் பிறகு தமிழ்நாட்டிலும் ஒரு தடை அறிவிப்பு வந்து, உடனே திரும்பப் பெறப்பட்டது. சட்டம் இப்படி மாறி மாறி நிற்கிற இனத்தை, அதுவும் மாநில எல்லை தாண்டிக் கொண்டுவந்து, ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

சரி, நம் நாய்களுக்கு வருவோம். உங்கள் அண்ணன் சொன்ன கோம்பை, உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஊரின் பெயரையே வாங்கிய நாய். செவலை உடம்பு, கருமூஞ்சி, இறுக்கமான உடற்கட்டு. 20, 25 கிலோ இருக்கும். பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் நம் பெரியவர்கள் வளர்த்தது. வெயில் தாங்கும், கம்பங்கூழும் மோர்ச்சோறும் போட்டாலும் வளரும், சின்னச் சத்தத்துக்கும் காதை நிமிர்த்தும். அதன் குறையையும் சொல்கிறேன். பிடிவாதம் உண்டு, சும்மா விட்டால் கோழியையும் ஆட்டுக்குட்டியையும் விரட்டும், அந்நியரை லேசில் ஏற்காது. குட்டியிலிருந்தே பத்துப் பேர் கைபட்டு வளர வேண்டிய நாய் அது.

ராஜபாளையம் கம்பீரமான நாய்தான், 2005-இல் தபால்தலையிலேயே வந்தது. வெள்ளை வெளேரென்ற உடம்பும் ரோஸ் மூக்கும் இருந்தால் ராஜ களை என்பார்கள். ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சில குட்டிகளுக்குச் சேர்ந்து வருகிறது. காது கேட்காத காவல் நாயால் என்ன பிரயோஜனம்? யாராவது கொடுத்தால் குட்டி பார்க்காத நேரத்தில் பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் பிடிக்கிற ஓட்ட நாய்கள். ஓட இடம் வேண்டும், காவல் இரண்டாம்பட்சம்.

அத்தை சொன்னதை அலட்சியம் பண்ணாதீர்கள். தெருவில் பிறந்த நாட்டு நாய்க்கும் கோம்பைக்கும் காவல் புத்தியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு தோட்டத்தில் செவலைப் பெட்டை ஒன்று இருந்தது, யாரோ சந்தையில் விட்டுப் போன குட்டி. பால்காரர் சைக்கிள் வந்தால் தலையைக்கூடத் தூக்காது. ராத்திரி வேலி முள்ளில் துணி மாட்டி இழுபடும் சத்தம் கேட்டால் மட்டும் அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல் எடுக்கும். வீட்டம்மா அந்தக் குரலை வைத்தே பன்றியா, ஆளா என்று சொல்லிவிடுவார். வாசலில் படுத்து, வீட்டு மனிதர்களின் காலடியிலேயே கிடந்து வந்த பழக்கம் அது. ஆனால் அத்தை சொல்கிறபடி 'ரெண்டு வேளை சோறு' போட்டால் மட்டும் போதாது. ஊசி போடாத, யார் வீட்டு நாய் என்று சொல்ல முடியாத நாயை வாசலில் பழக்கி வைப்பது பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது. எடுத்தால் உங்கள் நாயாக எடுங்கள்.

கோம்பை வாங்கப் போனால் இடைத்தரகரிடம் வாங்காதீர்கள். செவலையாகவும் மூஞ்சி கறுப்பாகவும் இருக்கிற எந்தக் குட்டியையும் 'ஒரிஜினல் கோம்பை' என்று விற்கிறார்கள். குட்டி பிறந்த வீட்டுக்கே போங்கள், தாயைப் பாருங்கள். நீங்கள் உள்ளே நுழையும்போது தாய் குரைக்கட்டும், அது நல்லதே. வீட்டுக்காரர் 'சும்மாயிரு' என்றதும் அடங்குகிறதா என்று கவனியுங்கள். அடங்காமல் பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தாலோ, கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டாலோ அந்த ஈத்தே வேண்டாம். பயந்த தாயின் குட்டி பயத்தில் கடிக்கும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-ஆம் வருட மத்திய அரசு விதி. 30 நாள் குட்டியைத் தூக்கிக் கையில் கொடுத்தால் மலிவு என்று வாங்காதீர்கள். தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் கடித்து விளையாடும் அந்த வாரங்களில்தான் எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதையே அது கற்றுக்கொள்கிறது.

குட்டிகளுக்குப் பக்கத்தில், இரண்டு முழம் தள்ளி, சாவிக்கொத்தைத் தரையில் போடுங்கள். எல்லாம் திடுக்கிடும். ஒன்று திடுக்கிட்டு, பின்வாங்கி, கொஞ்ச நேரத்தில் தானே வந்து சாவியை மோந்து பார்க்கும். அதுதான் உங்கள் குட்டி. வந்தவுடனே பாய்ந்து மற்றதைத் தள்ளிவிட்டு சாவியைக் கவ்வுகிற முரட்டுக் குட்டியைத்தான் எல்லோரும் 'காவலுக்குச் சரியான குட்டி' என்று தூக்குவார்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். பெட்டை எடுங்கள் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. கடுவன் பருவத்துக்கு வந்தால் எங்கோ பெட்டை இருக்கிறது என்று மோந்துகொண்டு ராத்திரி முழுக்க ஊர் சுற்றப் போய்விடும், நீங்கள் தூங்காத அதே ராத்திரியில். பெட்டை வீட்டோடு கிடக்கும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு எந்த வயது சரி என்று உங்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்துவிடுங்கள். ஆபரேஷன் பண்ணினால் நாய் மந்தமாகிவிடும், குரைக்காது என்பது வெறும் பேச்சு.

வளர்ப்பில்தான் எல்லாம் இருக்கிறது. குட்டி வந்த முதல் இரண்டு மாதம் அதன் வாழ்நாள் குணத்தைத் தீர்மானிக்கும் காலம். முழு ஊசி முடியும் வரை தெருவில் இறக்கி விடாதீர்கள், பார்வோ நோய் மண்ணிலேயே கிடக்கும், ரத்தப் பேதி வந்தால் குட்டி மூன்று நாளில் போய்விடும். ஆனால் கையில் தூக்கிக்கொண்டு போய் உலகத்தைக் காட்டுங்கள். ஜீப் சத்தம், மோட்டார் சத்தம், தொப்பி போட்ட ஆள், குடை பிடித்த ஆள், திராட்சை வெட்ட வருகிற பெண்கள், அழுகிற பிள்ளை. இவை எல்லாம் சாதாரணம் என்று தெரிந்த நாய்க்குத்தான் சாதாரணம் அல்லாதது எது என்று தெரியும். யாரைக் கண்டாலும் குரைக்கிற நாயின் குரைப்பை நீங்களே ஒரு மாதத்தில் காதில் வாங்க மாட்டீர்கள்.

மிளகாய்ப்பொடி கலந்த சோறு, பச்சை ரத்தம், சாராயம், இருட்டறை, பிரம்படி, இதெல்லாம் போட்டால் நாய் வீரியமாகும் என்று உங்களுக்கு யோசனை சொல்ல ஆட்கள் வருவார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். மிளகாய் வயிற்றைப் புண்ணாக்கும். அடி, கையை நீட்டுகிற யாரையும் எதிரி என்று கற்றுக்கொடுக்கும், அந்தக் கை உங்கள் மகனுடையதாகவும் இருக்கலாம். சங்கிலி போட்டே தீர வேண்டிய நேரம் இருந்தால் நீளமான கயிறு, நிழல், தண்ணீர், அதுவும் சில மணி நேரம் மட்டும். நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிப் போடுவது 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் குற்றம். முள்வேலியைச் சரி பண்ணி, வீட்டைச் சுற்றி ஒரு கம்பிவலை அடைத்து, அதற்குள் அவிழ்த்து விடுங்கள். ராத்திரி படுக்கை வாசல் திண்ணையிலோ, வீட்டுக்குள்ளேயோ இருக்கட்டும். கிணற்றடியில் கட்டினால் கிணற்றைத்தான் காக்கும். நீங்கள் தூங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் படுக்கிற நாய்தான் உங்களைக் காக்கும்.

பிள்ளைகளைக் கடிக்காதா என்று கேட்டிருந்தீர்கள். கடிக்கவே கடிக்காது என்று எந்த நாய்க்கும் நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். ஆனால் கடிப்பதற்கு முன்னால் நாய் சொல்லிவிட்டுத்தான் கடிக்கிறது. உடம்பு விறைக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளையைக் காட்டும், உதட்டை நக்கும், உறுமும். உறுமினால் அடிக்காதீர்கள். அடித்தால் உறுமுவதை நிறுத்திவிட்டு நேரடியாகக் கடிக்கப் பழகும். உறுமினால் பிள்ளையை அப்பால் கூட்டிப் போங்கள், காரணம் என்ன என்று பாருங்கள். தின்கிற நாயையும், தூங்குகிற நாயையும், குட்டி போட்ட நாயையும் தொடக் கூடாது என்று மகனுக்குச் சொல்லுங்கள். 6 வயதுப் பிள்ளையை எவ்வளவு நல்ல நாயோடும் தனியாக விடாதீர்கள். மகளுக்கு 11 வயது, அவளே தினமும் சோறு வைக்கட்டும், 'உட்கார்' சொல்லி உட்கார்ந்த பிறகு தட்டை வைக்கட்டும். வெறும் பழக்கமாகத் தெரியும், ஆனால் நாய்க்கு அவளும் வீட்டுப் பெரிய மனுஷி ஆகிவிடுவாள்.

உங்கள் தோட்டத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. திராட்சை நாய்க்கு விஷம். பச்சையோ, உலர்ந்ததோ, பன்னீர் திராட்சையோ எதுவானாலும் சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் கெட்டுவிடும். எந்த நாய்க்கு எவ்வளவில் கெடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் ஒன்றுகூட வேண்டாம். பந்தலுக்கு அடியில் உதிர்ந்து கிடப்பதைக் குட்டி பொறுக்கித் தின்னும், பிள்ளைகளும் ஆசையாக ஊட்டுவார்கள். வெட்டு நடக்கிற வாரங்களில் குட்டியைப் பந்தலுக்குள் விடாதீர்கள். தின்றுவிட்டால் வாந்தி வரும் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

மருந்தடிப்பும் அப்படித்தான். பூச்சிமருந்து கலந்த டிரம்மில் நாய் வாய் வைக்கும், அடித்த புல்லில் படுத்துவிட்டு உடம்பை நக்கும். எச்சில் நூலாக ஒழுகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, தசை துடித்தால் அது மருந்து விஷம். காத்திருக்க நேரம் இல்லை. இதே மருந்தைக் கறித்துண்டில் தடவி எறிந்துவிட்டு மறுநாள் ராத்திரி திருட வருகிறவர்களும் உண்டு. அதனால் குட்டியிலிருந்தே, தன் தட்டில், வீட்டார் கையால் வைத்ததை மட்டும் தின்னப் பழக்குங்கள். தரையில் எறிந்து ஊட்டும் பழக்கத்தை வீட்டில் யாரும் ஆரம்பிக்கவே கூடாது, அத்தை உட்பட. நாய் திடீரென்று நுரை தள்ளி விழுந்தால் சிகிச்சை ஒரு பக்கம் நடக்கட்டும், அன்றிரவு நீங்களும் கூடுதல் கவனமாக இருங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

தடுப்பூசியில் சமரசமே கிடையாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில் நாலு மாதம் வரை தொடர்ச்சி. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, அப்புறம் வருடா வருடம். எலிக்காய்ச்சல் ஊசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஈரம் நிறைந்த தோட்டங்களில் அது நாய்க்கும் மனுஷருக்கும் வருவது. உண்ணிக்காய்ச்சல் நம் பக்கம் நாய்களைக் கொல்கிற பெரிய வியாதி. வாரம் ஒரு தடவை காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் பாருங்கள்.

எந்த நாய் கடித்தாலும், உங்கள் நாயே பல் பட்டு ஒரு கீறல் போட்டாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 0, 3, 7, 28-ஆம் நாட்களில் ஊசி. ரத்தம் வந்த காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றியே போடுகிற இம்யூனோகுளோபுலினும் வேண்டும். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. தலை, முகம், கை கடிகளில் ஒரு மணி நேரம்கூடத் தாமதம் வேண்டாம்.

லைசென்ஸ் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ பதிவு முறை எப்படி என்று கேட்டு, இருந்தால் பதியுங்கள். ஊசிப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள், நாளை ஏதாவது பிரச்சினை என்றால் உங்களைக் காப்பாற்றுவது அந்தப் புத்தகம்தான். வளர்ப்பு நாயைக் கவனமில்லாமல் விட்டு ஒருவருக்கு ஆபத்து நேர்ந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'நாய் ஜாக்கிரதை' பலகை மாட்டுங்கள். பலகை மாட்டிவிட்டோம் என்பதற்காகப் பொறுப்பு போய்விடாது. கரன்ட் ரீடிங் எடுப்பவர், கேஸ் சிலிண்டர் பையன், பள்ளி விட்டுக் குறுக்கே நடக்கிற பிள்ளைகள், இவர்கள் எல்லோரும் உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள். கேட்டுக்கு வெளியே ஒரு மணி தொங்க விடுங்கள், அடித்தால் நாயைப் பிடித்துக்கொண்டு திறக்கலாம்.

மலைக்கு ஏன் இப்போது வேண்டாம் என்றேன்? ஸ்டோரில் ராத்திரி தங்குகிற ஆள் இல்லாமல் நாயை மட்டும் கட்டிப் போட்டால், அது சிறுத்தைக்கு வைத்த இரை. இடுக்கி எல்லைத் தோட்டங்களில் காலையில் வெறும் சங்கிலியையும் பெல்ட்டையும் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணியவர்கள் உண்டு. அவிழ்த்து விட்டால் பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் மாட்டும். மூக்குக்குள் அட்டை ஏறி ரத்தம் ஒழுக வரும். யானை விஷயம் இன்னும் மோசம். 2023 மே மாதம் அரிக்கொம்பன் கம்பம் தெருவுக்குள்ளேயே இறங்கிய காலை உங்களுக்கு நினைவிருக்கும். நாய் யானையைக் கண்டால் கிட்டே போய்க் குரைக்கும், யானை திரும்பினால் ஓடி வந்து ஒளியும் இடம் எஜமானின் கால்மாடு. பின்னாலேயே யானையும் வரும். காய் எடுப்புக் காலத்தில் ஸ்டோரில் ஆள் நிரந்தரமாகத் தங்குவதாக இருந்தால், அந்த ஆளே வளர்க்கிற நாயாக, ராத்திரி உள்ளே படுக்கிற நாயாக ஒன்று இருக்கலாம். கேரளாவில் பஞ்சாயத்து லைசென்ஸ் வேண்டும், 1998-ஆம் வருட விதி அது. வெறிநோய் ஊசிச் சான்று இல்லாமல் லைசென்ஸ் கிடைக்காது. லயத்தில் இருக்கிற தொழிலாளர் பிள்ளைகளையும், வடக்கிலிருந்து புதிதாக வருகிற ஆட்களையும் அந்த நாய்க்கு முறையாகப் பழக்கிவிட வேண்டியது உங்கள் வீட்டுக்காரர் பொறுப்பு. அதற்கெல்லாம் அவருக்கு நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஸ்டோருக்கு நல்ல பூட்டும் கேமராவும் போதும்.

நாய் என்றால் 12, 13 வருடச் சங்காத்தம். உங்கள் மகன் கல்லூரிக்குப் போகும்போதும் அது வாசலில் இருக்கும். மாதச் செலவு, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது, இதையெல்லாம் குட்டி வருவதற்கு முன்னாலேயே அத்தையோடும் அவரோடும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். குட்டி பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். ஒரு பழைய துணியை எடுத்துப் போய், தாய் படுக்கிற இடத்தில் நன்றாகத் தேய்த்து வாங்கி வாருங்கள். முதல் மூன்று ராத்திரி குட்டி அழும். அதை வெளியே கட்டாமல், அந்தத் துணியை ஓர் அட்டைப் பெட்டியில் விரித்து, உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற இடத்தில் வையுங்கள். அழும்போது கையைக் கீழே விட்டு அதன் முதுகில் வைத்தால் போதும், தூங்கிவிடும். அந்த இடத்துக்காக அரிவாளைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.